‘நல்லாத்தானே பேசுறான், இவனுக்கு எதுக்கு ஸ்பீச் மிஸ்?’

கேள்வி: பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஜூன் மாதம் ஸ்பீச் தெரபிஸ்ட்டாகச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, கற்றல் குறைபாடு உள்ள 23 மாணவர்களை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் நான் பார்த்ததெல்லாம் திக்குவாய், பேச்சு வராத குழந்தைகள், பக்கவாதம் வந்தவர்கள். இங்கே பிள்ளைகள் வாயடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெற்றோர் ‘நல்லாத்தானே பேசுறான், இவனுக்கு எதுக்கு ஸ்பீச் மிஸ்?’ என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியர் ‘மார்ச்சுக்குள்ள வாசிக்க வெச்சிருங்க’ என்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் சிறப்பாசிரியருக்கோ, அவர் வேலையில் நான் தலையிடுகிறேன் என்று வருத்தம். கடைசியில் எழுத்து சொல்லிக்கொடுக்கும் டியூஷன் டீச்சராகிவிட்டேன். என் வேலைதான் என்ன? பின்குறிப்பு: ஆசிரியர்கள் சிலர் தொண்டை கட்டுகிறது என்று என்னிடம் வழி கேட்கிறார்கள். சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் மீது வருத்தப்படாதீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு முடிவும் ஒளிந்திருக்கிறது, ‘நல்லாத்தான் பேசுறான்’ என்று. அது சரியா என்று பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. எழுத்துப் பயிற்சியை ஒரு மாதம் அப்படியே நிறுத்தி வையுங்கள்.

மதுரைப் பக்கத்துப் பிள்ளை எதுவாக இருந்தாலும் சித்திரைத் திருவிழா தெரியும். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, ‘அழகர் ஏன் ஆத்துல இறங்குறாரு? எனக்குக் கதையாச் சொல்லு’ என்று கேளுங்கள். அனுமதி வாங்கி போனில் பதிவு செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிச் சொல்லக்கூடும்: ‘அது வந்து... சாமி குதிரையில வரும்... தண்ணி பீச்சுவாங்க... அங்க ஒரே கூட்டம்... அப்புறம் அவங்க கோவிச்சுக்கிட்டாங்க... அந்த இது முடிஞ்சிருச்சுல்ல... அப்புறம் நாங்க ஜிகர்தண்டா குடிச்சோம்.’ கேட்கும்போது தடங்கலே இல்லை. சுறுசுறுப்பாகச் சொல்கிறான். ஆனால் பதிவை எழுதிப் பாருங்கள். கோபித்துக்கொண்டது யார்? முடிந்துபோன ‘அந்த இது’ எது? தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்ததால்தான் அழகருக்குக் கோபம் என்ற முடிச்சே கதையில் இல்லை. ‘ஏன்னா’, ‘அதனால’, ‘ஆனா’ ஒன்றுகூட இல்லை. எல்லாமே ‘அப்புறம்’.

நமக்குக் கதை தெரியும். அதனால் அவன் விட்ட இடங்களையெல்லாம் நாமே நிரப்பிக்கொண்டு தலையாட்டுகிறோம். அம்மாவும் வீட்டில் அதைத்தான் செய்கிறார். அவருக்குப் பிள்ளையின் நாள் முழுவதும் தெரியும், பாதி வாக்கியமே போதும். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் அப்படி நிரப்ப மாட்டார். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேசுங்கள். ‘இந்தக் கதையே தெரியாத வெளியூர் ஆள்னு நெனச்சுக் கேளுங்கம்மா’ என்று சொல்லிப் போட்டுக் காட்டினால், நீங்கள் அதற்கு மேல் விளக்க வேண்டியது அதிகம் இருக்காது.

வேறு காரணம் எதுவும் இல்லாமலே மொழி வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். 2016ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் சுமார் 7 சதவீதம் பேர் இப்படி இருந்தார்கள். 40 பேர் வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வையுங்கள். உச்சரிப்பு சுத்தமாக இருப்பதால் இவர்களை யாரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அனுப்புவதில்லை. ‘மெல்லக் கற்பவர்’ என்று ஒரு பட்டியலில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது இன்னும் எளிய சோதனை. பாடப்புத்தகத்தில் அவன் வகுப்புக்கு உரிய ஒரு பத்தியை அவனையே வாசிக்கச் சொல்லி, கேள்வி கேளுங்கள். அப்புறம் அதே அளவில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, கேள்வி கேளுங்கள். நீங்கள் வாசித்தபோது பளிச்சென்று பதில் சொல்கிறானா? அப்படியானால் மொழி இருக்கிறது, எழுத்தை ஒலியாக்கும் இடத்தில்தான் சிக்கல். நீங்கள் வாசித்தும் விழிக்கிறானா? அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாலும் புரியப்போவதில்லை. 1986ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், பெருக்கல், கேட்டுப் புரியும் திறன். ஒரு பக்கம் பூஜ்யமானால் விடை பூஜ்யம்தான். உங்கள் 23 பேரையும் இப்படி மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்: எழுத்தில் சிக்கல், மொழியில் சிக்கல், இரண்டிலும் சிக்கல். வகுப்புவாரியாகப் பிரிப்பதைவிட இது பயனுள்ளது. எல்லோருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுக்கும் தலைவலியும் போகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உங்கள் பட்டத்தில் பாதி கேட்பியல், அதை மறந்துவிடாதீர்கள். 23 பேருக்கும் கேட்கும் திறன் சோதனை நடந்திருக்கிறதா என்று கோப்பைப் பாருங்கள். இல்லையென்றால் அதுதான் முதல். சளி பிடிக்கும்போதெல்லாம் காது அடைத்து, சீழ் வடிந்து, மறுபடி சரியாகி வளர்ந்த பிள்ளைகள் நம் கிராமங்களில் நிறைய. ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மங்கலாகக் கேட்கும். ஆசிரியர் கண்ணுக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். கண்ணையும் பார்த்துவிடுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் இருக்கும் ஊரில் கண் பார்க்காமல் விட்டதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

எழுத்தில் சிக்கல் உள்ள கூட்டத்துக்கு வருவோம். இங்கே நீங்கள் ஆங்கிலப் புத்தகங்களில் படித்ததை அப்படியே இறக்கினால் வேலைக்கு ஆகாது. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. பிள்ளையின் கண்ணில் ‘கி’ என்பது ஒரே எழுத்து. அதற்குள் ‘க்’கும் ‘இ’யும் இருப்பது அவனுக்குத் தானாகத் தெரியாது. ஆகவே முதலில் அசை அளவில் தொடங்குங்கள். ‘மதுரை’யில் ‘ம’வை எடுத்துவிட்டால் என்ன? துரை. ‘வைகை’யில் ‘வை’யை எடுத்தால்? கை. ‘மல்லிகை’யைக் கைதட்டிப் பிரி. இதில் தேறியவனிடம் ‘பல்’லை ‘பால்’ ஆக்கச் சொல்லுங்கள், ‘எடு’வை ‘ஏடு’ ஆக்கச் சொல்லுங்கள், ‘படு’வை ‘பட்டு’ ஆக்கச் சொல்லுங்கள். வாயாலேயே. தாளும் பென்சிலும் அப்புறம்.

‘கொ’வைப் பாருங்கள். வாய் முதலில் ‘க்’ என்கிறது, கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு ‘க’, பிறகு கால். சொல்லும் வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறு. சாதாரணப் பிள்ளைகள் இதை எப்படியோ தாண்டிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் ‘கெ, கே, கொ, கோ’ நான்கிலும் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த நான்கையும் ஒரே வாரத்தில் கற்பிக்காதீர்கள். குறிலையும் நெடிலையும் காதால் பிரிக்கத் தெரியாதவனுக்கு ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கிறுக்கல்தான்.

பிழைகளைப் படிக்கும்போது ஊரையும் சேர்த்துப் படியுங்கள். மதுரைப் பிள்ளை ‘பளம்’, ‘வாளை’ என்று எழுதினால் உடனே சிவப்பு மை வேண்டாம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வாய்களில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். காதில் விழுந்ததை அவன் ஒழுங்காக எழுதியிருக்கிறான். ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் இதே கதைதான். அவை பார்த்துப் பார்த்து மனத்தில் பதிய வேண்டியவை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் ‘பட்டம்’ ‘படம்’ ஆகிறது, ‘கோடு’ ‘கொடு’ ஆகிறது, ‘கரும்பு’ ‘கருபு’ ஆகிறது என்றால் அங்கே நின்று பாருங்கள். ஒலியின் நீளமும் இரட்டிப்பும் மூக்கொலியும் காதில் நழுவுகின்றன. முதல் இரண்டு வகுப்புகளில் இது எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் இருக்கும். அதற்குப் பிறகும் இருந்தால்தான் கவலை.

ஆங்கிலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ‘பஸ்’ஸுக்கும் ‘பல்’லுக்கும் தமிழில் ஒரே ‘ப’. ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். அப்படிப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தில் p-b, k-g போன்ற ஜோடி எழுத்துகளை மாற்றிப் போடுவதை வைத்து மட்டும் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று எழுதிவிடாதீர்கள். அதேபோல மகால் பக்கம், முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் உங்களிடம் வந்தால், கதையை அந்த மொழியிலும் சொல்ல வையுங்கள். பாட்டியை வரவழைத்து உட்கார வையுங்கள். வீட்டு மொழியில் கதை முழுமையாக வருகிறது, தமிழில் மட்டும் வரவில்லை என்றால் அது குறைபாடு அல்ல. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையை மட்டும் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மொழியில் சிக்கல் உள்ள கூட்டம்தான் முழுக்க முழுக்க உங்களுடையது. வீட்டில் ‘வந்தாங்க’, புத்தகத்தில் ‘வந்தார்கள்’. வீட்டில் ‘நனைஞ்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு’, புத்தகத்தில் ‘நனைந்துகொண்டிருந்தவர்களுக்கு’. இந்தச் சொல்லின் வாலுக்கு வருவதற்குள் தலை மறந்துவிடும். பென்சிலால் கோடு போட்டு உடையுங்கள்: நனைந்து / கொண்டு / இருந்தவர் / களுக்கு. பத்து நாளைக்குச் சொல் உடைக்கும் விளையாட்டு மட்டுமே விளையாடினாலும் தவறில்லை. தமிழ் வாசிப்பில் தடுமாறும் பெரிய பிள்ளைகளுக்கு இதைவிடக் கைகொடுக்கும் பயிற்சி வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வாரம் அறிவியலில் என்ன பாடம் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் ஐந்தாறு சொற்களை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆவியாதல், சுருங்குதல், குளிர்தல் என்றால் இட்லிக் கொப்பரை மூடியைப் பற்றிப் பேசலாம். வரலாற்றில் அரியணை, கப்பம், படையெடுப்பு என்றால் திருமலை நாயக்கர் மகாலை வைத்துப் பேசலாம். பாடம் நடக்கும்போது பழகிய சொல் காதில் விழுந்தால் அந்தப் பையன் கையைத் தூக்குவான். அதை ஆசிரியர் பார்த்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் கேட்கும் முன்பே பாடக்குறிப்பு உங்கள் மேஜைக்கு வரும்.

கணக்கும் உங்கள் பக்கம் வரும். ‘கண்ணனிடம் 45 மாம்பழங்கள் உள்ளன. அது வள்ளியிடம் உள்ளதைவிட 12 குறைவு. வள்ளியிடம் எத்தனை?’ பையன் ‘குறைவு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கழித்து 33 என்று எழுதுவான். விடை 57. அவனுக்குக் கழித்தலும் தெரியும், கூட்டலும் தெரியும். ‘அது’ எதைச் சுட்டுகிறது, ‘விட’ எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் தெரியவில்லை. மேல் வகுப்புகளில் ‘வேறுபடுத்துக’, ‘காரணம் கூறுக’, ‘சான்று தருக’ என்ற கேள்விச் சொற்களையே பலர் பிரித்தறிவதில்லை. மூன்றுக்கும் பாடத்தில் உள்ள முதல் பத்தியை எழுதி வைத்துவிட்டு வருவார்கள்.

சிறப்பாசிரியர் விஷயம். அவர் உங்களுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். அந்தப் பிள்ளைகளை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர். எழுத்து, கையெழுத்து, வாசிப்புப் பயிற்சி, கணக்கு எல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும். ஒலி, சொல், வாக்கியம், கதை உங்களுடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நோட்டு வையுங்கள். அவர் இந்த வாரம் ‘கொ, கோ’ எடுக்கிறார் என்றால், நீங்கள் போன வாரமே காதால் அதைப் பழக்கியிருக்க வேண்டும். வேலை இப்படி ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தால் வருத்தம் தானாகக் குறையும். இன்னொன்று, பி.டி. பீரியடில் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். நாள் முழுவதும் தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு ஜெயிக்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம்.

மூன்று நான்கு பேர் கொண்ட குழு, வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம். மீதி நேரத்தில் வகுப்புக்குள்ளேயே போய் உட்காருங்கள். நாக்கை வளைக்கும் பயிற்சி, விசில் ஊதுதல் இதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பெற்றோருக்கு ஏதோ நடப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

தலைமையாசிரியரிடம் மார்ச் மாதத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்லெக்ஸியா ஒரு கல்வியாண்டில் போய்விடுவதில்லை, போய்விடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அதற்குப் பதில் அளக்கக்கூடிய சின்னச் சின்ன இலக்குகளை எழுத்தில் கொடுங்கள். ‘ஜூலையில் சொன்ன கதையில் காரணம் சொல்லும் வாக்கியம் ஒன்றும் இல்லை, டிசம்பரில் நான்கு’ என்று பதிவோடு காட்டினால் அவருக்கும் மேலே காட்ட ஒன்று கிடைக்கும். ‘பேச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று அவரும் கேட்டால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். அதில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாள்வதில் உள்ள குறை என்றுதான் சட்டமே அதை விவரிக்கிறது. புரிந்துகொள்வது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

சான்றிதழ் தருவது உங்கள் வேலை அல்ல, ஆனால் பெற்றோர் உங்களிடம்தான் கேட்பார்கள். பொதுவாக எட்டு வயதுக்கு முன் இந்தக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தருவதில்லை என்பதையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை இந்த வருடமே தொடங்கச் சொல்லுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்ற சலுகைகளெல்லாம் காகிதம் நகர்ந்தால்தான் கிடைக்கும்.

இந்தச் சலுகை கிடைத்ததும் பள்ளியில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். நீங்கள் ஆகாதீர்கள். எழுதுபவர் பையன் சொன்னதைத்தான் எழுதுவார், திருத்த மாட்டார். ‘அது வந்து... அந்த இது...’ என்று சொன்னால் தாளிலும் அதற்கு மேல் ஒன்றும் வராது. முழு வாக்கியமாக, வரிசையாக, எழுதுபவரின் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனிப் பயிற்சி. சொல்லி முடித்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ‘இங்க மாத்துங்க’ என்று சொல்லும் தைரியமும் வேண்டும். உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் வேறெதுவும் செய்ய நேரமில்லை என்றால், இதை மட்டுமாவது செய்யுங்கள். பள்ளியில் வேறு யாருடைய வேலைப் பட்டியலிலும் இது இல்லை.

வீட்டுப் பாடம் என்று தாள் கொடுத்து அனுப்பாதீர்கள். விடிகாலையில் பூ கட்டப் போகும் அம்மாவுக்கும், ராத்திரி ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கும் அது இன்னொரு பாரம். சாப்பிடும்போது ‘இன்னைக்கு என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு’ என்று ஒரே ஒரு ‘ஏன்’ கேட்கச் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் தினம் ஒரு விடுகதை. வாசிக்கத் தெரியாத பெற்றோரும் முழுசாகச் செய்யக்கூடியவை இவை.

பின்குறிப்புக்கு: தாராளமாகச் சொல்லலாம், குரலும் நம் படிப்புதானே. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கத்த வேண்டாம், திரும்பி நின்று பேசச் சொல்லுங்கள். பீரியடுக்கு பீரியடு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். வகுப்பு பெரியது என்றால் இடுப்பில் மாட்டும் சின்ன மைக் வாங்கலாம். ஆனால் கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், நீங்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும்.